டிக்கிக்குள் கேட்டது

சத்தத்தை யாரும் வண்டியில் கொண்டுவருவதில்லை,
வாயில்தான் கொண்டுவருகிறார்கள்.
குத்தாயிசி ஊரில் என் பட்டறை வாசலில்
எஞ்சினை அணைத்துவிட்டு
ரொட்டிக்கடைக்காரர் 'நறநற' என்கிறார்.
பாதிரியார் கண்ணை மூடி 'உய்ங்ங்' என்கிறார்.
மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர்
கோழிக்குஞ்சு போல 'கீச்' சொல்லிவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று
தெருவைத் திரும்பிப் பார்க்கிறார்.

ஜும்பெரும் சிட்சினோவும் வந்தது வியாழக்கிழமை.
தொண்ணூற்றேழு மாடல் ஓப்பல் வெக்ட்ரா.
"லொடலொடங்குது" என்றார் அவர்.
"இல்லை. ஊஊன்னு அழுவுது" என்றாள் அவள்.
அவர் மறுபடி லொடலொட.
அவள் மறுபடி ஊஊ.
நடுவில் நான், கையில் ஸ்பேனரோடு,
இரண்டு வாத்தியங்களுக்கு இடையே
தாளம் தெரியாதவள் போல.

எதிர்பார்த்ததுதான்:
சாவி என் கைக்கு வந்ததும் வண்டி சமர்த்தாகிவிட்டது.
பல் டாக்டர் வாசலில் காணாமல் போகும் வலி.

முதலில் டிக்கியைக் காலி செய்தேன்.
அரைச் சாக்கு அக்ரூட்,
மூடி தொலைந்த ஒயின் கேன்,
வார் அறுந்துபோன ஜாக்கி.
லொடலொட அங்கேயே செத்தது.
ஜும்பெர் அக்ரூட் ஒன்றை எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், தடயம் போல.

"இனி ஊஊ" என்றேன்.
"பாலம் தாண்டி அறுபதில் ஓட்டுங்கள்.
நான் இதற்குள் படுத்துக்கொள்கிறேன்."
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
மூடி விழுந்தது.

நனைந்த சாக்கு வாசனை. கொஞ்சம் பெட்ரோல்.
தகரத்தில் காதை வைத்தேன்.
நாற்பதில் ஒன்றுமில்லை.
ஐம்பதில் எங்கோ ஒரு வண்டு.
அறுபதில் வந்தது ஊஊ,
வந்ததும் என் தாடை எலும்பில் குடியேறியது.
சாலை இடப்பக்கம் வளைந்தது,
பாரம் வலப்பக்கம் சாய்ந்தது,
ஊஊ தடித்தது.
வலப்பக்கம் வளைந்தது, ஊஊ மெலிந்தது.
வலது பின்சக்கரம். பேரிங்.
மூன்றாவது வளைவுக்கு முன்பே தெரிந்துவிட்டது.
தட்டி இறங்கியிருக்கலாம்.

அதற்குள் ஏற்றம். வேகம் குறைய
ஊஊ அடங்க
பின்சீட்டு அட்டையைத் தாண்டி வந்தது வேறு சத்தம்.

"சனிக்கிழமை ஒருநாள் கத்தாம இருந்தா போதும்."
"அந்த நர்ஸ் பொண்ணு வானியிலேர்ந்து
ரெண்டு பஸ் மாறி வருது."
"அட்வான்ஸ் வாங்கியாச்சு சிட்சினோ."
"..."
"ரேடியோவ சத்தமா வெச்சிடலாம்."
"ரேடியோ பாடி நாலு வருஷமாச்சு."

நான் தட்டினேன்.
டொக், டொக்.

"கேட்டியா?"
"இது புதுசு."
"பிரேக் போட்டுப் பாருங்க."
போட்டார். நான் உருண்டு
தலையை ஸ்டெப்னியில் மோதினேன்.
"போட்டா அதிகமாவுது!"
"ஆக்ஸிலேட்டர்?"
உருண்டு இந்தப் பக்கம் வந்தேன்.
"பின்னாடி. நடுவுல. கனமா எதுவோ கழண்டிருக்கு."
இருபத்திரண்டு வருஷத் தொழிலில்
இவ்வளவு துல்லியமாய்
என்னை யாரும் கண்டுபிடித்ததில்லை.
கெட்ட வார்த்தை ஒன்றை அடித்தொண்டையில் கத்தினேன்.

"ஐயோ" என்றாள் சிட்சினோ. "அது லாமாரா."

சாலையின் நடுவே இரண்டு பசுக்கள்,
அவற்றுக்குப் பின்னால் வண்டி நின்றது.
மூடி திறந்தது. வெளிச்சம் கண்ணில் குத்தியது.
நான்கு கண்கள் என் முகத்தைத் தடவிப் பார்த்தன,
எங்கே கசிகிறது என்று தேடுவதுபோல.

"வலது பின் பேரிங்" என்றேன்.
"எண்பது லாரி. நாளை சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம்."

"அவ்வளவுதானா? வேற எதுவும்
கேக்கலையே?" என்றார் ஜும்பெர்.

முழங்காலைத் தட்டிவிட்டு இறங்கினேன்.
"ரேடியோவுக்கு ஃப்யூஸ்தான் போயிருக்கும்.
அதையும் பார்க்கட்டுமா?"

பசு ஒன்று மெதுவாக நகர்ந்தது.
மற்றது நகரவில்லை.
ஜும்பெர் பையிலிருந்த அக்ரூட்டை
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ரேடியோ வேண்டாம்" என்றாள் சிட்சினோ.
"பேரிங்க மாத்துங்க."