குகைக்குள் போனவன்

எஸ்.பி. ரோடில் மூன்றாவது கடைக்காரர்தான்
டப்பாவுக்குள் கைவிட்டு ஊதா ஒயரை உருவினார்.
"ஓடினால் உங்க அதிர்ஷ்டம். திருப்பி எடுக்கமாட்டேன்."
நானூறு. பேரம் பேசவில்லை.

கையடக்கப் பெட்டி ஜெரோமுடையது.
குவைத்திலிருந்து அவன் அப்பா அனுப்பியது;
முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் அவர் கையெழுத்து.
டிவிக்குக் கீழே கிடக்கும் கன்சோல் என்னுடையது.
லிங்கராஜபுரத்து இந்த வீட்டுக்கு
நான் கொண்டுவந்த இரண்டு அட்டைப்பெட்டிகளில்
ஒன்றில் வந்தது.

எட்டு மாதமாக அவன் என்னை
அங்கிள் என்றதில்லை, அப்பா என்றும்.
"சாப்பாடு ரெடியாம்" என்பான், சுவரிடம்.

ஒயர் குட்டை. சோபாவுக்கு எட்டாது.
தரையில் முட்டி உரச உட்கார்ந்தோம்.
இழுத்தால் கழன்றுவிடும்;
இருவருமே அசையவில்லை.

நீலத் தொப்பி நான். மஞ்சள் அவன்.
குகைக்குள் நுழைந்ததும் மஞ்சள் தொப்பி
பெரிய திரையில் இல்லாமல் போனது.
இனி அவன் இருப்பது
அந்த உள்ளங்கை வெளிச்சத்தில் மட்டும்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
குகை வாசலில் என் தொப்பியை நிறுத்திவைத்தேன்.
வெளியே மழை பிடித்தது.
குக்கர் மூன்று விசில், ஷீலா அடுப்பை அணைத்தாள்.
உள்ளே என்ன நடந்ததோ,
மூக்கை ஒருமுறை உறிஞ்சினான்.

பிறகு, கண்ணை எடுக்காமல்:
"வெளிய ஒரு கல்லு இருக்கும்.
அது மேல ஏறி நில்லுங்க.
அப்பதான் எனக்குக் கதவு திறக்கும்."

யாரை என்று சொல்லவில்லை.
அறையில் வேறு யாரும் இல்லை.

ஏறினேன்.
"இறங்கிடாதீங்க" என்றான்.
தரையில் மடக்கிய என் நிஜக் கால்
எப்போதோ மரத்துப்போயிருந்தது.