மிச்சக் காசு

அறுப்பின் பண்டிகைக்கு
எல்லாரும் தங்கள் வளவில் விளைந்ததைக் கொண்டு வருவார்கள்.
எனக்கு வளவில்லை.
மேல்மாடி வாடகை அறை,
யன்னலில் பால்மாப் பேணிக்குள் ஒரு கற்பூரவள்ளி.
ஆகவே சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தையில்
ஒரு சீப்பு இதரை வாங்கினேன்.
முந்நூற்றறுபது ரூபா.
ஆயிரம் ரூபாத் தாளை நீட்ட
புவனேசக்கா இடுப்புப் பைக்குள் கைவிட்டு
மிச்சத்தைப் பாராமலே தந்தாள்.

பஸ்ஸில்தான் கண்டேன்:
ஐந்நூறு தாள் இரண்டு,
புதுசு, ஒன்றோடொன்று ஒட்டியபடி.
பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை.
கொண்டக்டர் கீழே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.
இறங்கியிருக்கலாம்.
எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்திருந்தது.

வங்கியில் காசாளர் நான்.
நாள் முழுக்க எண்ணுவதே வேலை.
மாலையில் ஒரு தாள் குறைந்தால்
யாருடைய சம்பளத்தில் அது பிடிபடும் என்று
எனக்குத் தெரியாததல்ல.

ஞாயிறு.
பீடத்தின் முன்னே பூசணி, மரவள்ளி, முட்டைத் தட்டு,
கால் கட்டிய ஒரு சேவல்,
நடுவில் என் சீப்பு.
ஜெயசீலன் போதகர் கனி கொடுப்பதைப் பற்றித்தான் பேசினார்.
கேட்டேன் என்று சொல்லமுடியாது.
சேவல் கூவிக்கொண்டே இருந்தது.
காணிக்கைப் பை வந்தபோது
அந்த ஐந்நூறை நாலாய் மடித்துப் போட்டேன்.
கை கழுவினது போலிருந்தது.

ஏலத்தில் அரியரட்ணம் மாஸ்டர்
என் சீப்பைத் தலைக்கு மேலே தூக்கினார்.
கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர்
நாலாயிரத்துக்கு எடுத்தார்.
எல்லாரும் கைதட்டினார்கள்.
நான் குனிந்துகொண்டேன்.
அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

திங்கள் பின்னேரம்
பக்கத்துக் கவுண்டர் நிரோஜினிக்கு
கணக்கில் ஐந்நூறு துண்டு விழுந்தது.
மூன்று தரம் எண்ணினாள்.
லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள்.
பிறகு தன் பேர்சைத் திறந்து எடுத்து வைத்துவிட்டு,
"பரவாயில்லை மிஸ், ஆருக்கோ தேவையாயிருந்திருக்கும்" என்றாள்.
விடியப் பூசிய திருநீறு
அவள் நெற்றியில் இன்னும் அழியாமல் இருந்தது.

அன்றிரவு முழங்கால் போட்டேன்.
வாயில் வந்ததெல்லாம் கணக்கு.

செவ்வாய் மதியம், சாப்பாட்டு நேரம்,
சந்தை கலைகிற வெயில்.
முதல் தாள் காணிக்கையோடு போய்விட்டது,
இது என் சம்பளத்தின் வேறொரு தாள்.
"அக்கா, சனிக்கிழமை ஐந்நூறு கூடத் தந்திட்டீங்கள்."
அவள் அதை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"ஐயோ பிள்ளை,
குலை இறக்கிற பெடியனையெல்லோ பிடிச்சு ஏசினனான்.
சனத்துக்கு முன்னாலை
அவன்ரை பொக்கெற்றைத் தட்டிக்கூடப் பாத்தனான்.
அண்டையிலயிருந்து வாறேல்லை."

என்னை அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.
தராசுப் படிகளை எடுத்து எடுத்து வைத்தாள்,
நிறுக்க ஒன்றுமில்லாமல்.

பஸ்ஸில் வரும்போது ஒரு மன்னிப்பை ஆயத்தப்படுத்தியிருந்தேன்.
அதில் நானும் அவளும் இருந்தோம்,
கர்த்தரும் இருந்தார்.
அந்தப் பெடியனுக்கு இடமிருக்கவில்லை.

"வீடு எங்கை அக்கா?"
"கொக்குவில். ரயில் றோட்டுக்கு அங்காலை.
யதுசன் எண்டு கேளுங்கோ."
பிறகு, நான் கேட்காமலே,
ஒரு குலையில் மேல்சீப்பை வெட்டிப் பைக்குள் வைத்தாள்.
"தாயிட்டைக் குடுங்கோ. நான் தந்ததெண்டு சொல்லுங்கோ.
பின்னேரம் நானும் வாறன் எண்டும்."
காசு எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

மனேஜருக்கு அரைநாள் லீவு என்று அனுப்பினேன்.
காரணம் கேட்டார்.
எழுதி, அழித்து,
கடைசியில் "கணக்குப் பிழை" என்று போட்டேன்.

தண்டவாளச் சல்லியில் செருப்பு வழுக்குகிறது.
எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை.
பையின் காது விரலை அறுக்கிறது.
சீப்பு இன்னும் பச்சை, பழுக்க நாலைந்து நாள் செல்லும்.
வெட்டுவாயில் வடிந்த பால்
வேலைச் சாறியின் கொய்யகத்தில் பட்டுவிட்டது.
வாழைக்கயர், தோய்த்தாலும் போகாது.

தகரப் படலையடியில் ஒரு பெடியன்
சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறான்.
பம்பை நிறுத்தி
நிமிர்ந்து பார்க்கிறான்.