பதினேழு சதவீதம்

முஸஃபாவில் கிளம்பும்போது
திரை சொன்னது: நானூற்றுப் பத்து கிலோமீட்டர்.
கொக்கியில் வீட்டை மாட்டியதும்
கொஞ்சம் யோசித்துவிட்டு
இருநூற்றுப் பத்து என்றது.
முகத்துக்காகப் பேசத் தெரியாத வண்டி.

வீடென்றால்
நாடு திரும்பிய செர்பியக்காரர் ஒருவர் விற்றுப்போன
பன்னிரண்டடி வெள்ளைப் பெட்டி.
இரண்டு படுக்கை, ஒற்றை மின்னடுப்பு,
அடைத்தாலும் அடையாத ஒரு ஜன்னல்.
எடை ஆயிரத்து நூறு கிலோ.
தண்ணீரும் அரிசியும்
ஜுனைதா கடைசி நேரத்தில் ஏற்றிய
இரண்டு குக்கரும் சேராத கணக்கு அது.

ஜுனைதாதான் ஓட்டினாள்.
வண்டி அவள் பெயரில்.
என் அட்டையில் ஸ்பான்சர் என்ற இடத்திலும்
அவள் பெயர்தான்.
மார்ச்சில் கம்பெனியை மூடியபோது
ஆஸ்பத்திரி லேபிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து
தன் விசாவுக்குப் பின்னால்
என்னை மாட்டிக்கொண்டாள்.
திரும்பும் வழியில் மீன் வாங்கினோம்.

தரீஃப் தாண்டியதும் எதிரே ஷமால் காற்று.
பெட்டியின் தட்டை முகத்தில்
அறைந்துகொண்டே வந்தது.
எண்பதில் போனோம், பிறகு எழுபதில்.
சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்து முந்தின.
பின்சீட்டில் யூசா
கிரிக்கெட் ஸ்கோர் போலச் சொல்லிக்கொண்டிருந்தான்:
முப்பத்தெட்டு. முப்பத்தேழு.
வாப்பா, முப்பத்தஞ்சு!
முப்பத்தாறு எங்கேடா என்றேன்.
காத்து தின்னுட்டு என்றான்.

ஏசியை நிறுத்தினோம்.
பாட்டை நிறுத்தினோம்,
அதனால் ஒரு பயனும் இல்லையென்று தெரிந்தே.

மிர்ஃபா பெட்ரோல் நிலையத்தில்
ஒரேயொரு சார்ஜர்.
சுவரைப் பார்த்து நின்றது.
மூக்கை உள்ளே விட்டால் வால் பாதையை மறிக்கும்.
கழற்றுங்க பாய் என்றான் நேபாளப் பையன்.
வியர்த்து, விரலை நசுக்கி, கழற்றினோம்.
பிறகுதான் தெரிந்தது
சார்ஜர் வேலை செய்யவில்லை என்று.

அடுத்தது முப்பத்து நாலு கிலோமீட்டர்.
கையில் பதினேழு சதவீதம்.
வீடில்லாமல் போகலாம்,
வீட்டோடு முடியாது.
ஜுனைதா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.
யூசா முன்சீட்டுக்குத் தாவினான்.

டயர் கடைக்குப் பின்னால்
சக்கரத்துக்குக் கல் கொடுத்து
உள்ளே உட்கார்ந்தேன்.
எங்கும் போகாத வீடு
காற்றுக்குக் கப்பல்போல் ஆடியது.
ஜன்னலிடுக்கில் வந்த மணல்
மேசைமேல் மெல்லக் குவிந்தது.
துடைத்தேன். குவிந்தது. விட்டுவிட்டேன்.

கடைக்கார ஜர்வலி கான் டீ கொண்டுவந்தார்.
வண்டி எங்கே என்றார்.
கரண்ட் குடிக்கப் போயிருக்கிறது என்றேன், என் உடைந்த இந்தியில்.
சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார்.
என் டீசல் பிக்கப் இருக்கிறதே,
கொக்கியைக் கொடு,
சீலா வரை இழுத்துவிடுகிறேன் என்றார்.
அவள் வந்துவிடுவாள் என்றேன்.
வராவிட்டால்?
அவர் கேலிக்குத்தான் கேட்டார்.
நான் மட்டும்
அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு
டீ ஆறும்வரை இருந்தேன்.

இரண்டரை மணி நேரம்.
மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால்
சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றது.
அந்த வண்டியில் எனக்குப் பிடிக்காதது அதுதான்,
வருவதைக் காது முன்கூட்டிச் சொல்லாது.

எண்பத்தேழு என்றான் யூசா, இறங்கும் முன்பே.

கொக்கியை மாட்டவில்லை அன்று.
சீலாவின் கடல் சீலாவில் இருக்கட்டும் என்றாள் ஜுனைதா.
காரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து
வீட்டில் செருகினாள்.
விளக்கு எரிந்தது. அடுப்புச் சுருள் சிவந்தது.
நாலு பேருக்கு அரிசி போட்டோம்,
ஜர்வலி கானையும் சேர்த்து.

யூசா காருக்குள் இருந்தபடியே
எண்ணிச் சொன்னான்:
எண்பத்தாறு.
கொஞ்ச நேரம் கழித்து, எண்பத்தஞ்சு.
பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து
உம்மா, பசிக்குது, என்றான்.
எண்ணை யாரும் கேட்கவில்லை.