நிரப்பாத கட்டம்

ரேஸெக்னேயிலிருந்து ரீகாவுக்கு
இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.
பனி இல்லாவிட்டால் மூன்று மணி நேரம்.
அன்று பனி.

பின்னால் வெல்டா ப்ரூவேரே,
எழுபத்தொன்பது வயது, உடைந்த இடுப்பு.
காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை:
செருப்பு, கண்ணாடி, பாதி தின்ற மிளகு பிஸ்கட்.
யேகப்பில்ஸ் தாண்டியதும் கேட்டாள்,
தௌகவா உறைந்துவிட்டதா?
ஓரத்தில் மட்டும் என்றேன்.
நடுவில் ஓடுகிறது.

மாற்றல் படிவம் என் பக்கத்து இருக்கையில்.
பெயர், பிறந்த தேதி, ரத்த வகை,
கடைசியாகக் கொடுத்த மருந்து.
ஒரு கட்டம் மட்டும் காலி.
'தொற்று ஏதும் உண்டா?'
பொய் இல்லை அதில். உண்மையும் இல்லை.
வாய் திறக்காத சின்னச் சதுரம்.
பதினோரு வருடத்தில் ஒரு நாளும்
நான் அதைப் பார்த்ததில்லை.
ஆட்களைக் கொண்டுபோவதுதான் என் வேலை.

அவளுக்கு அடுத்த கட்டிலில் கைடிஸ், கொத்தனார்,
சாரம் சரிந்து விழுந்தவர்.
மூன்று வாரம் கழித்து அவரை யெல்காவாவுக்கு
நான்தான் கொண்டுபோனேன்.
வழியெல்லாம் சிமெண்டு விலையைப் பற்றிப் பேசினார்.
யெல்காவாவிலிருந்து யாரோ லியெபாயாவுக்கு.
அதுவும் நானா? இருக்கலாம்.
பதிவேட்டில் பார்க்க வேண்டும்.
பார்க்கவில்லை.

ஏப்ரலில் ஸ்கைத்ரீதே கூப்பிட்டாள்,
தொற்றுத் தடுப்புப் பிரிவின் தாதி,
கழுவிக் கழுவி வெடித்த கைகள்.
மேஜைமேல் ஒரு படம் விரித்தாள்.
ஆய்வகம் வரைந்த மரம் என்றாள்,
ஒவ்வொரு நுனியும் ஒரு நோயாளி,
நுனிக்கும் நுனிக்கும்
நாலெழுத்து, ஐந்தெழுத்து வித்தியாசம்.
எனக்கு மரம் தெரியவில்லை.
நெடுஞ்சாலை தெரிந்தது.
கொக்னெஸேயில் நான் காப்பி குடிக்கும்
பெட்ரோல் பங்கு இருக்க வேண்டிய இடம்கூட.

கடைசி மருந்து என்று பூட்டி வைத்திருந்ததை
அது தின்று செரித்துவிட்டதாம்.
தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாதாம்,
குலம் கோத்திரம் பாராமல்
பக்கத்தில் இருக்கும் எதற்கும் ஓதிக் கொடுக்குமாம்.
கழுவுதொட்டியின் வாய்க்குள்
மாதக்கணக்கில் காத்திருக்குமாம்.

எங்கிருந்து வந்தது என்று கூட்டம் போட்டார்கள்.
ரீகா ரேஸெக்னேயைக் காட்டியது,
ரேஸெக்னே ரீகாவை.
யெல்காவா கடிதத்துக்குப் பதிலே போடவில்லை.
ஆளாளுக்குக் கைகழுவினார்கள்,
கை கழுவ வேண்டிய நேரத்தில்
கழுவாதவர்கள்.

வெல்டா மார்ச்சில் இறந்திருந்தாள்.
இடுப்பு கூடியிருந்ததாம்.
சான்றிதழில் இதயம் என்று எழுதியிருந்ததாம்.

சொல்லாமல் இருந்த ஒன்றைச் சொன்னேன் ஸ்கைத்ரீதேயிடம்.
ரீகாவில் இறக்கும்போது
அவள் என் கையைப் பிடித்தாள்.
விரல்கள் பனிக்கட்டி மாதிரி இருந்தன.
கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டேன்,
பிறகு அதே கையால்
ஸ்டிரெச்சர் பெல்ட்டின் கொக்கியை மாட்டினேன்.
அந்தக் கொக்கியா?
தெரியாது என்றாள்.
இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.
கையைப் பிடித்தது தப்பில்லை, என்றாள் பிறகு.
கொக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்த டிசம்பரில், இரவு இரண்டு மணி,
ரேஸெக்னே வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.
படிவத்தைத் திருப்பி நீட்டினேன்.
'இதை நிரப்பவில்லை, டாக்டர்.'
டிரைவருக்கு எதற்கு இதெல்லாம் என்றார்.
நின்றேன்.
பின்னால் யாரோ இருமினார்கள்,
டீசல் எரிந்தது,
என் மீசையில் மூச்சு உறைந்தது.
அவர் பேனாவைத் தேடினார்,
கிடைக்கவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.
'தெரியாது' என்று எழுதினார்,
கட்டத்தைத் தாண்டிக் கோணலாக.

பேனாவைத் துடைத்துப் பையில் போட்டேன்.
கொக்கியை இரண்டு முறை துடைத்தேன்.
பிறகு பின்பக்கக் கதவைத் திறந்து
அந்த மனிதரிடம் அவர் பெயரைக் கேட்டேன்.