எந்தத் தரையிலிருந்து

டேனிஷ்பேட்டை ஸ்டேஷன். அளவெடுக்க வந்தேன்.
பாசஞ்சர் போய், தண்டவாளம் இன்னும் சூடு.

சுவர்: இரண்டடி மூன்று அங்குலம்.
சேர்வராயன் கல், சுண்ணாம்புச் சாந்து.
உளித்தழும்புகள் எல்லாம் ஒரு பக்கம் சாய,
வடமூலையில் மட்டும் எதிர்ச்சாய்வு.
எவனோ ஓர் இடக்கைக்காரன்.

டிக்கெட் ஜன்னல்: இரண்டடி நாலு.
டேப்பை மறுபடி இழுத்தேன். அதேதான்.
குள்ளர்களுக்கா கட்டினார்கள்?

"ஜன்னல் இறங்கலைங்க சார்,
தரைதான் ஏறிடுச்சு"
உள்ளிருந்து கிளார்க் ஜெயசீலி.

பெட்டிகளின் வாசல் உயர உயர
மூன்று தடவை தூக்கினார்களாம் பிளாட்பாரத்தை:
கல்மேல் செங்கல்,
செங்கல்மேல் கான்கிரீட்.
வாசலின் நாலு படியும் உள்ளேதான் இருக்கின்றன;
மேல்படி மட்டும் ஒரு விரற்கடை
முதுகு காட்டுகிறது.

காடையாம்பட்டிச் சந்தைக்கு வந்தவர்கள்
கும்பிடுகிற மாதிரி குனிந்து கேட்கிறார்கள்
'பொம்மிடி ரெண்டு', 'சேலம் ஒண்ணு'.
ஒரு ஏட்டையா
தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு.

ஜெயசீலியின் நாற்காலி
இன்னும் பழைய தரையில்.
அவருக்கு ஜன்னல் சரியான உயரம்.

இடித்துக் கட்ட மதிப்பீடு, வெள்ளிக்கிழமைக்குள்.
சாயங்கால வண்டிக்கு நானும் குனிந்தேன்.
சில்லறையோடு வந்தது சீட்டு.

அளவுப் புத்தகத்தில் எல்லாம் எழுதியாயிற்று,
ஜன்னல் உயரம் தவிர.
எந்தத் தரையிலிருந்து?