ஒரு நாளைக்கு எத்தனை லாரி

புளியரையில் மூன்றாம் நாள் விடுப்பு.
தங்கை கல்யாணத்துக்கு வந்த சாமான்களுக்கு நடுவே
என் மடிக்கணினியும் உட்கார்ந்திருக்கிறது,
யார் மொய் வைத்தது என்று தெரியாத பொருள் போல.
மாடி ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல்.
மேற்கே நாலடி நகர்த்தினால் கேரளம் வரவேற்கிறது,
கிழக்கே இழுத்தால் தமிழ்நாடு.
காலையிலிருந்து ஒன்பது முறை எல்லை தாண்டியாயிற்று
நாற்காலியை விட்டு எழாமல்.

மூன்றரைக்கு ஒரு நேர்காணல்.
திரையில் மெர்லின் ஷைனி, ஊர் மார்த்தாண்டம்.
இரவல் கோட்டு. தோளில் ஒரு விரற்கடை கூடுதல்.
பார்த்ததும் தெரிந்துவிடும் எனக்கு.
நான் போட்டுப்போனது அறைத்தோழனின் அண்ணனுடையது,
கையை மடக்கினால்
உள்ளே ஊக்கு குத்தும்.

ஏன் முதலீட்டு வங்கி என்று கேட்டேன்.
கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.
சந்தைகள் மீது சிறுவயது முதலே ஆர்வம் என்றாள்.
நானும் அதையேதான் சொன்னேன், ஏழு வருஷம் முன்பு,
ஆறு லட்சத்து நாற்பதாயிரம் கல்விக்கடனை
நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு.
ஆர்வம்: நான்கு.

அடுத்தது மதிப்பீட்டுக் கேள்வி.
ஒரு விமானத்துக்குள் எத்தனை டென்னிஸ் பந்து அடங்கும்
என்று பட்டியலில் இருந்தது.
வெளியே ஜல்லி ஏற்றிய பன்னிரண்டு சக்கரம் ஒன்று
கோட்டைவாசல் ஏற்றத்துக்குக் கியர் மாற்றி முனகியது.
என் வாய் தானாகக் கேட்டது:
புளியரை சோதனைச்சாவடியை ஒரு நாளில்
எத்தனை லாரி கடக்கும்?

பேனா எடுத்தாள். வகுத்தாள்.
கொல்லத்தில் கட்டப்படும் வீடுகள், ஒரு வீட்டுக்கு எத்தனை யூனிட்,
இரவில் பாதி, ஞாயிறு கழிக்க,
எழுநூறு பக்கம் வந்து நின்றாள்.
பிறகு பேனாவை மூடிவிட்டு
அதுவரை பிசகாத ஆங்கிலத்தில்,
அங்கே போய் நின்று எண்ணினால்தான் தெரியும் என்றாள்.
வாக்கியத்தின் வாலில் ஓர் ‘ஆக்கும்’
வழுக்கி விழுந்தது.
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒழுங்கான சிந்தனை: இரண்டு.
ஏன் என்று படிவம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்:
இங்கே நாங்கள் எங்கும் போய் நிற்பதில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு நியூயார்க் கூப்பிட்டது.
பீகாரில் ஒரு சுங்கச்சாலை, அதன் கடன்பத்திரம்.
நாளொன்றுக்கு வாகனங்கள் என்ற கட்டத்தில் இருக்கும் எண்
எங்கிருந்து வந்தது என்றார்கள்.
போன ஏப்ரலில்
பெங்களூர் பதினான்காவது மாடியில்
நான் தட்டச்சியது.
ஆலோசகர் அறிக்கை என்றேன்.
நல்லது என்றார்கள்.
பந்தல்காரர்கள் கீழே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரை மணிக்குச் சாவடிக்கு நடந்தேன்,
சட்டைப்பையில் மளிகைக் கணக்கு நோட்டோடு.
ஜல்லி, ஜல்லி, வைக்கோல்,
கோழி (நாற்றம் முதலில் வந்தது),
எம்.சாண்ட், தார்ப்பாய் மூடிய ஏதோ ஒன்று, காலி.
காலியை எண்ணுவதா?
நாற்பத்து மூன்றாவது லாரி என்னருகே மெதுவானது.
நோட்டைப் பார்த்தான் டிரைவர்,
கையை நீட்டினான்,
நாலாக மடித்த நூறு ரூபாய்.
‘சாரே, வேகம்.’

வேண்டாம் என்று தலையாட்டினேன்.
போதாது என்று எடுத்துக்கொண்டு
இன்னொரு ஐம்பதைச் சேர்த்தான்.
எப்படியோ அவனை அனுப்புவதற்குள்
பின்னால் இரண்டு போயிற்றா மூன்றா தெரியவில்லை.

மதிப்பெண் திருத்தக் கெடு காலை ஒன்பது மணி.
முகூர்த்தமும் ஒன்பதுக்குத்தான்.
அடித்துவிட்டு
புதுப்பக்கத்தில் ஒன்று என்று போட்டேன்.