பிக் அப்

பி.என். ரோட்டில்
ஜிப்பு பட்டன் கடைக்கு மேல்மாடி.
ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு இங்கிலீஷ்.
தலையில் பஞ்சுத் தூசியோடு
பதினோரு பேர்.

ரெஜினா மிஸ்ஸுக்கு
எங்களில் பாதிப் பேரைவிட வயது குறைவு.
போர்டில் இரண்டு சொல் எழுதினார்.
பிக். அப்.
ஆளுக்கொரு வாக்கியம் சொல்லணும்,
ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லக் கூடாது.

செம்மலையண்ணன்தான் முதலில் எழுந்தார்.
"இது வாக்கியமில்லீங் மிஸ், என்ற வண்டி.
இன்னும் பதினாறு டியூ பாக்கி."
சிரிப்பு அடங்குமுன் கந்தவேலு:
"மேம்பாலம் ஏறுனா என்ற மொபெட்டுல
பிக்கப்பே இல்லீங்."
மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்,
கொஞ்சம் சந்தேகத்தோடு.

ஒடிசாக்காரன் திகம்பர் தமிழிலேயே சொன்னான்:
"ஓவர்லாக் மிஷின் பக்கம் நின்னே
மூணு மாசத்துல தமிழ் பிக் அப் பண்ணுனனுங்."
அந்தக் கடைசி 'ங்'கை
எந்தக் கட்டிங் மேசைக்கடியில் பொறுக்கினானோ.

என் முறை வந்தது.
செக்கிங்கிலிருந்து ஆபீசுக்கு என்னை மாற்றிய வாரம்
ஒரு மெயில்: நாற்பது பெட்டி, பிக் அப், நாளைக் காலை.
அகராதியில் 'தூக்கு' என்றிருந்தது.
நானும் வேலாத்தாளும் தூக்கினோம்,
நாற்பதையும்,
இரண்டாம் மாடிக்கு.
விடிந்ததும் கீழே லாரி நின்று ஹாரன் அடித்தது.
அந்த அர்த்தம்
என் இடுப்பில் இன்னும் இருக்கிறது.

சொல்லாமல் விட்டது ஒன்று:
ஜனவரி தாண்டினால் ஆர்டர் பிக் அப் ஆகுமென்று
பையர் எழுதியதை
முதலாளி எல்லோரையும் நிறுத்திவைத்து வாசித்தார்.
"தலையெடுக்கும்னு அர்த்தம்" என்றேன்.
"யாரு தலைய?" என்றாள் வேலாத்தாள்.
இது ஆனி மாசம்.
வாரத்துக்கு மூன்று ஷிப்டுதான்.

கடைசி பெஞ்சில் சொர்ணாத்தாள் எழவில்லை.
உட்கார்ந்தபடியே,
ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைப்பதுபோல்:
ஷி. டஸ். நாட். பிக். அப்.

"யாருங்க்கா?" மிஸ் கேட்டிருக்க வேண்டாம்.
"என்ற மக.
அவ புடிச்சவனக் கட்டிட்டுப் போயி
ரெண்டு வருசம் கூப்புட்டா. நாங்க எடுக்கல.
இப்ப நான் கூப்புடறேன்."

சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டே
மிஸ் நின்றார்.
"கிராமர் கரெக்டுங்க்கா" என்றார் பிறகு.
வேறென்ன சொல்வார்.

இறங்கும்போது தூறல்.
"ஏறிக்குங் எல்லாரும், பெருமாநல்லூர் வரைக்கும்தான் போறன்."
பனியன் மூட்டை வாசனை அடிக்கும் வண்டியின் பின்னால்
ஒருவர் முட்டி மேல் ஒருவர் முட்டி.

எங்கோ போன் அடித்தது.
ஆளாளுக்குப் பையைத் தொட்டுப் பார்த்தோம்.
முன்னால், செம்மலையண்ணனுடையது.
டியூக்காரனாயிருக்கும்.
அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது.
அவர் வைப்பரைப் போட்டார்.

சொர்ணாத்தாள் எட்டி
கேபின் கண்ணாடியைத் தட்டினாள்.
"எடுங்ணா.
யாராச்சும்னாலும் எடுங்."